தண்ணீர் வந்த நேரம்

வென்சி படகு ஏறும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். சுற்றுலாக்காரர்களுக்கு அவன் வாடகைக்கு விடும் ஜெட்ஸ்கி என்ற கடல் ஸ்கூட்டர் கடலிலிருந்து ஏறியதும் ஹோஸ் மாட்டி இன்ஜினுக்குள் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவிவிட வேண்டும். முதலில் இன்ஜினைப் போடணும், அப்புறம்தான் தண்ணீர். முடிக்கும்போது முதலில் தண்ணீரை நிறுத்தணும், அப்புறம்தான் இன்ஜின். இதைச் சொல்லிவிட்டு, சிவப்புச் சுருள் கயிறு கட்டிய சாவியைத் தங்கை புருஷன் நிலோவிடம் அரை மனதாகக் கொடுத்துவிட்டு, செபு நகரில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போனான்.

நிலோவுக்கு அது வெறும் சாவி இல்லை. மணிலாவில் கட்டிட வேலைக்குப் போய், மகள் நடக்கப் பழகியதைப் போனில் பார்த்தவன் அவன். மனைவி ரோவெனா தன் அண்ணன் வென்சியிடம் மன்றாடித்தான் இந்த வேலையை வாங்கிக் கொடுத்திருந்தாள். வண்டியை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் தீவிலேயே இருக்கலாம், சொதப்பினால் மறுபடி மணிலாதான்.

சொதப்பினான். ஹோஸை இன்ஜினில் மாட்டிவிட்டு, தண்ணீர் வருகிறதா பார்ப்போம் என்று குழாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. அந்தத் தீவில் தண்ணீர் எப்போது வரும் என்பது மாதாவுக்கே வெளிச்சம். வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று குழாயை மூடாமலே, பக்கத்து வீட்டு வீடியோகேவில், அதாவது பாடினால் மார்க் போடும் பாட்டு மெஷினில், ஒரு பாட்டுப் பாடப் போனான். மெஷின் தொண்ணூற்றேழு மார்க் போட்டது. அந்த மார்க்குக்குப் பிறகு எவன் எழுந்து வருவான்?

திரும்பி வந்தபோது ஹோஸ் விறைத்துக் கிடந்தது. தண்ணீர் வந்து எவ்வளவு நேரமோ, ஓடாத இன்ஜினுக்குள் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அலறியடித்துக் குழாயை மூடி, ஸ்டார்ட் பட்டனை அமுக்கினான். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்னொரு தடவை அமுக்கச் சொல்லிக் கை பரபரத்தது. மணிலாவில் கலவை மெஷின் சிக்கியபோது ஒருத்தன் விடாமல் பட்டனை அமுக்கி அதைச் சாகடித்தது நினைவுக்கு வர, கையை இழுத்துக்கொண்டான்.

ரோவெனா வந்து பார்த்தாள்.

"என்ன, குளிப்பாட்டியாச்சா?"

"உள்ள வரைக்கும்," என்றான். அவன் குரலைக் கேட்டதும் அவள் கிண்டலை நிறுத்திவிட்டாள்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினான். இப்போது அமுக்கு என்றதும் அவள் அமுக்கினாள். பிளக் இருந்த ஓட்டைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்துத் தகரக் கூரையில் மோதி அவள் தலையிலேயே கொட்டியது. பெட்ரோல் நாற்றம் தாங்கவில்லை.

"கல்யாணத்தன்னைக்குக்கூட நீ எனக்கு இவ்வளவு சென்ட் வாங்கித் தரல," என்றாள்.

வெறும் காற்று வரும்வரை அமுக்கினார்கள். எண்ணெய் விட்டு, பிளக்குகளைத் துடைத்து மாட்டினான். பட்டன். இருமியது. மறுபடி பட்டன். வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு உறுமத் தொடங்கியது. அப்புறம்தான் தண்ணீரைத் திறந்தான். அப்பாடா என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டான், கண்ணில் நீர் வந்ததை மறைக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, முறைப்படி முதலில் தண்ணீரை நிறுத்தி, அப்புறம் இன்ஜினை நிறுத்தினான்.

பொழுது சாயும் நேரத்தில் பன்றி வறுவல் பொட்டலத்தோடு வென்சி வந்து சேர்ந்தான். சொல்லாதே என்று ரோவெனா கண்ணைக் காட்டினாள். அவள் தலைமுடியில் இன்னும் பெட்ரோல் வாசம் போகவில்லை. நிலோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் சாவியை நீட்டினான்.

வென்சி இன்ஜினைத் தொட்டுப் பார்த்தான். குனிந்து முகர்ந்தான்.

"டக்குன்னு சத்தம் வந்ததும் மறுபடி அமுக்குனியா மாப்ள?"

"இல்ல மச்சான்."

"பொய் சொல்லாத."

"கை பட்டன்கிட்ட போச்சு. ஆனா அமுக்கல."

வென்சி பொட்டலத்தைப் பிரித்து, மொறுமொறுவென்று இருந்த தோலில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, சாவி நீட்டிய அந்தக் கையிலேயே வைத்தான்.

"காலையில ஆளுங்க வர்றாங்க, வண்டிய நீயே இறக்கிடு," என்றான். "பாட்டுப் பாடப் போயிடாத."