ஞாயிற்றுக்கிழமை போட்ட ஓட்டை

"ரெண்டு நாளா வீடு சூடே ஆகலடா" என்று அக்கா கூப்பிட்டபோது, குளிருக்குத் தான் மாட்டிய ஹீட் பம்ப்தானே என்று அலட்சியமாகத்தான் வந்தான் தம்பி. பின்சுவரோரம் இருந்த மெஷின் அருகே கசிவு காட்டும் கருவியை நீட்டினான். கீச்சென்றது.

மெஷினுக்குள் ஓடுவது புரொப்பேன், சட்டென்று பற்றிக்கொள்ளும் வாயு. சமையல் கேஸ் மாதிரி வாசனை கிடையாது. காற்றைவிடக் கனம், தண்ணீர் மாதிரி தரையோடு தரையாகப் பள்ளம் தேடிப் போகும். கருவியைத் தாழ்த்திச் சுவரோரமாக நகர்ந்தான். இரண்டடி தள்ளி, கணுக்கால் உயரத்தில், புத்தம்புதுக் கம்பிவலை. கருவி விடாமல் கதறியது.

மெஷின் மாட்டிய அன்று இங்கே வெறும் சுவர்தான்.

"இது என்னக்கா?"

"கீழ் ரூம்ல ஒரே ஈர நாத்தம். காத்து வரட்டும்னு ஞாயித்துக்கிழமை உங்க மாமா ஓட்டை போட்டாரு. பெரிய இன்ஜினியர்னு நினைப்பு."

"மாமா எங்க?"

"கீழதான். சாப்பிட்டுட்டுக் குறட்டை விடுறாரு. இரு, எழுப்புறேன்." போனை எடுத்தாள்.

சட்டென்று அவள் கையைப் பிடித்தான். "அவருக்குப் போன் அடிக்காதே. ஒரு சுவிட்சையும் தொடாதே. தெருக்கோடிக்கு ஓடு, அங்கேருந்து தீயணைப்புக்குச் சொல்லு."

அக்காவின் முகம் வெளுத்தது. ஓடினாள்.

தரைக்கடியில் ஜன்னலில்லாத அறை, பட்டப்பகலிலும் கும்மிருட்டு. வெளியிலிருந்து கத்தினால் மனிதர் எழுந்ததும் தலைமாட்டு விளக்கைத்தான் போடுவார். சுவிட்சுக்குள் ஒரு பொறி போதும்.

தன் போனைப் புல்லில் வைத்துவிட்டுப் படி இறங்கினான். பாதியில் குறட்டை நின்றது.

"யாரது?"

கட்டில் முனகியது. சுவரை ஒரு கை தடவும் சத்தம்.

பாய்ந்தான். இருட்டில் அகப்பட்டது ஒரு மணிக்கட்டு.

"விடுறா, லைட்டைப் போடறேன்."

"வேணாம் மாமா. ரூம் பூரா கேஸ். அப்படியே வாங்க."

"அதுக்குன்னு திருடனைப் பிடிச்ச மாதிரியா பிடிப்பே?"

இழுத்துக்கொண்டே படியேறினான், தெரு வந்தும் கையை விடவில்லை.

தீயணைப்புக்காரர் கம்பிவலையில் தன் கருவியை வைத்துப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் பக்கத்து வீட்டுக்காரர்களையும் வெளியேற்றினார்.

மாமாவுக்கு உதடு உலர்ந்திருந்தது. "அங்க ஓட்டை போடக் கூடாதுன்னு நீ சொல்லவே இல்லையேடா."

மற்ற வீடுகளில் மெஷினைச் சுற்றிக் கோடு கிழித்து, இதற்குள் ஜன்னல், காற்றுத்துளை, சாக்கடை வாய் எதுவும் வரக் கூடாது என்று படித்துக் காட்டிக் கையெழுத்தும் வாங்குவான். இங்கே, நம்ம வீடுதானே என்று டீ குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தான்.

"சொல்லலை மாமா" என்றான்.