பலகையில் அழிந்த வரி

1

"அழிக்கலம்மா, துடைச்சேன். ரெண்டும் ஒண்ணா?"

"இத்தனை வருஷமா அந்த ஒரு வரியை மட்டும் அழுத்தி அழுத்தித் துடைச்சிருக்கீங்களேக்கா."

"அங்கதான் அழுக்கு அதிகம்."

இந்தக் கதை பிறந்தது இந்தப் பேச்சில்தான். பேசியவர்களில் ஒருவர் பஞ்சர் கடை அக்கா. மற்றவள் இதை எழுதுகிறவள். சாலையோர வரலாற்றுப் பலகைகளைப் புதுப்பிக்க முடிவு செய்த ஊர்மன்றம், "நீதான் எந்நேரமும் புத்தகமும் கையுமா இருக்கியே" என்று வாசகம் எழுதும் வேலையை இவள் தலையில் கட்டியிருந்தது.

[முதல் வரைவு: வெண்பனி கொட்டிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் வெண்பனி கொட்டுவதில்லை. மொழிபெயர்ப்பு நாவல்களாகவே படித்தால் இப்படித்தான் ஆகும்.]

2

ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பலகை எந்த வாசலுக்கு எதிரே நிற்கிறதோ, அந்த வாசல்காரர்தான் அதைத் துடைக்க வேண்டும். பழைய பள்ளிக்கூடம், முதல் தபால்நிலையம் என்று மற்றவர்களுக்கு வாய்த்தவை சாதுவான பலகைகள். அக்கா கடைக்கு எதிரே, ஆற்று வளைவில் நின்றது இது:

'இவ்விடத்தில் பேருந்து ஆற்றில் கவிழ்ந்து எட்டுப் பேர் உயிரிழந்தனர். ஓட்டுநரின்'

அதற்குமேல் வெறும் தகரம். எட்டுப் பேரில் ஒருவரான அந்த ஓட்டுநர், அக்காவின் கணவர். அழிந்தது 'அலட்சியமே காரணம்' என்பது ஊருக்கே தெரியும். "அதையே திரும்ப எழுதிடு, வேலை முடிஞ்சுது" என்றார் மன்றத் தலைவர்.

3

நேரில் பார்த்தவர் ஒருவர்தான், கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர். ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறந்திருந்தது, ஆனாலும் அவர் குதிக்கவில்லை, கடைசிவரை ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே இருந்தார் என்பார். வெயிலில் தன் கண் கூசியது, சரியாகத் தெரியவில்லை என்றும் அவரே சொல்வார்.

(இங்கே இவளுக்கு அக்கா மேலேயே சந்தேகம் வந்தது, அவரை அப்படிச் சொல்ல வைத்ததே அக்காவோ என்று. கணவரை நல்லவராக்கப் பார்க்காத மனைவி யார்... இந்த வாக்கியத்தை முடிக்க இவளுக்கு மனம் வரவில்லை.)

4

ஒரு முடிவு: பழைய வரியே திரும்ப வருகிறது. அக்கா ஈரத்துணியோடு மறுபடி கிளம்புகிறார்.

இன்னொன்று: வரியே வேண்டாம். இதைக் கேட்டதும், டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி அக்கா சிரித்தார். "வெறுமனே விட்டா ஊரு பழசையே மனசுக்குள்ள படிச்சுக்கும். ஓட்டையோட டயரை மாட்டி அனுப்புற வேலை இது."

கடைசியாக, 'ஓட்டுநர் குதிக்கவில்லை' என்று எழுதி இவளே அடித்தாள்.

"ஏன் அடிச்ச?"

"உறுதியாத் தெரியாதேக்கா. கதைன்னா 'ஒருவேளை'ன்னு போட்டுக்கலாம். பலகையில அப்படிப் போடுவாங்களா? போறவன் வர்றவன் எல்லாம் படிச்சு நம்புற இடம்."

"அலட்சியம்னு எழுதினவனுக்கு உறுதியாத் தெரியுமா?"

நாளைக்குப் பெயின்டர் வந்துவிடுவார். இவளிடம் வாசகம் இல்லை. உங்களிடம் இருந்தால், மேலே உள்ள வெறும் தகரத்தில் நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

டியூபிலிருந்து குமிழ்கள் கிளம்பின. அக்கா அந்த இடத்தை விரலால் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார்.

"சரி, உன் ஒருவேளையும் இருக்கட்டும். 'ஒருவேளை அவர் குதிக்காம இருந்திருக்கலாம்'னு... அப்படியாவது எழுதித் தாயேன்மா?"