கோச் வேலைக்கு யாரும் வரவில்லை

கோச் வேலைக்கு ஆள் எடுப்பதில் முதல் விதி, அந்த வேலைக்கு வந்ததாக எவரும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதுதான். வருகிறவர் வரவே இல்லை என்பார். கூப்பிட்டவர்கள் கூப்பிடவே இல்லை என்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்கிறோமே, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் டிசம்பர் மாதம் முழுக்க அந்தச் சமையல்தான் நடக்கும். கோச் என்றால் அங்கே ஃபுட்பால் கோச்தான். ஃபுட்பால் என்றதும் பந்தைக் காலால் தட்டிக்கொண்டு ஓடுவதை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது தோளோடு தோள் மோதி எலும்பை உடைத்துக்கொள்கிற ஆட்டம். அந்த ஆட்டத்துக்குக் கோச்சாக இருக்கிறவருக்குக் கிடைக்கும் மரியாதை அங்கே பாதிரியாருக்குக்கூடக் கிடையாது.

சீடர் பெண்ட் கல்லூரியில் விளையாட்டுத் துறை இயக்குநராக இருப்பவள் மார்லின் கூபிசெக். கோச்சைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பு அவளுடையது. போன தடவை அவள் பொறுக்கி எடுத்த மனிதர், நவம்பரில் இன்னும் இரண்டு ஆட்டங்கள் பாக்கி இருக்கும்போதே, தெற்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு ஓடிப் போனார். பையன்கள் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செல்போனில் அந்தச் செய்தியைப் படித்தார்கள். அதற்குப் பிறகு மார்லின் ரொட்டி வாங்கக் கடைக்குப் போனால்கூட, கல்லாவில் நிற்கிற பெண் உட்பட எல்லோரும் அவளுக்குப் புத்தி சொன்னார்கள். எங்கே போய் எந்தக் குப்பையைப் பொறுக்கிக்கொண்டு வந்தாய் என்று முகத்துக்கு நேராகவே கேட்டார் ஒரு கிழவர்.

ஊரார் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். டுவேன் ஹோல்ட்குரூ கேட்டால் அப்படி விட முடியாது. ஆறு ஊர்களில் தானியக் கிடங்கு வைத்திருப்பவர் அவர். விளையாட்டரங்கின் மேற்குப் பக்கம் முழுக்க அவர் கட்டிக்கொடுத்தது. எழுபது வயது ஆகியும் ஒரு ஆட்டத்தைத் தவறவிட்டதில்லை. அவர் மார்லினைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "போன தடவ நீ சொன்னன்னு நான் வாயத் தொறக்கல. இந்தத் தடவயும் சொதப்புனா, ஊரு புதுக் கோச்சத் தேடாதும்மா. புது இயக்குநரத்தான் தேடும்."

தேர்வுக் குழு என்று மூன்று பேர். மார்லின், ஹோல்ட்குரூ, கல்லூரித் தலைவர் அரன்சன். அரன்சன் வேதியியல் பேராசிரியராக இருந்து மேலே வந்தவர். பந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதே அவருக்கு இன்னும் சந்தேகம்தான். பார்க்க வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர், பழைய கோச் ஓடிப் போனதும் அணியைத் தாங்கிப் பிடித்த துணைக் கோச் லமார் ஜெஃப்கோட். இன்னொருவர், தெற்கு டகோட்டாவில் ஒரு கல்லூரிக்குத் தொடர்ந்து கோப்பை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும் கர்ட் ரைமர்.

ரைமர் விஷயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. மார்லினின் ஒரே மகன் வெஸ்லி அவருடைய அணியில்தான் ஆடிக்கொண்டிருந்தான். அம்மா வேலை பார்க்கிற கல்லூரியில் ஆடினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அவனாகவே வெளியூர் போனவன். அவனைத் தன் அணிக்கு அழைக்க ரைமர் அப்போது வீட்டுக்கே வந்து, மார்லினின் சமையலறையில் உட்கார்ந்து, பன்றிக்கறியும் மாவுருண்டையும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, உங்கள் பையன் பட்டம் வாங்குகிறவரை நான் அங்கிருந்து நகர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். எல்லாக் கோச்சும் எல்லா அம்மாவுக்கும் கொடுக்கிற வாக்குதான் அது. மார்லினுக்கு அது தெரியும். தெரிந்தும் நம்பினாள், தாய் அல்லவா.

மகன் அங்கே ஆடுகிறான் என்பதை அவள் குழுவில் முதலிலேயே சொல்லிவிட்டாள். பரவாயில்லை என்றார் அரன்சன். பரவாயில்லை, ஆனால் பையனிடம் மூச்சு விடக் கூடாது என்றார் ஹோல்ட்குரூ. ரைமரின் பெயர் வெளியே கசிந்தால் அவர் அந்த நிமிடமே விலகிவிடுவார். அங்கே இருக்கிற வேலையும் போய்விடக் கூடாதே என்ற பயம் அவருக்கு.

அதனால் நேர்காணலைக் கல்லூரியில் வைக்கவில்லை. வேறு மாநில எண் போட்ட கார் ஒன்று வளாகத்தில் நின்றால் போதும், சாயந்திரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஹோல்ட்குரூவின் கிடங்கு ஒன்றில், மாடியில் இருக்கிற கணக்கர் அறையை ஒழித்து வைத்தார்கள். கீழே சோளம் கொட்டுகிற சத்தம். மேலே ஹோல்ட்குரூவின் மனைவி கொடுத்தனுப்பிய மிளகாய் போட்ட பீன்ஸ் கறியும் பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டியும்.

காலையில் லமார் வந்தார். நேராக வந்து உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னார். அடுத்த வருஷம் எத்தனை ஆட்டம் ஜெயிப்பீர்கள் என்று ஹோல்ட்குரூ கேட்டார். லமார் கொஞ்சம் யோசித்துவிட்டு, பையன்களுக்கு அடிபடாமல் இருந்தால் அஞ்சு என்றார். அவர் படியிறங்கிப் போனதும் ஹோல்ட்குரூவுக்குப் பொறுக்கவில்லை.

"வேல கேட்டு வந்த எடத்துல எவனாவது அஞ்சுன்னு சொல்லுவானா? ஒம்போதுன்னு சொல்லேன்யா. தோத்தா அப்பறம் பாத்துக்கலாம்."

நல்ல மனிதர்தான், ஆனால் மனிதர் நல்லவராக இருந்தால் மட்டும் ஆட்டம் ஜெயிக்குமா என்று மார்லினும் நினைத்தாள். ரைமர் வந்தால் ஊர் வாயை மூடும். அவள் நாற்காலியும் மிஞ்சும். அதை நினைக்க அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நினைத்தாள்.

மதியம் மற்ற இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது மார்லின் கீழே போய்க் காரில் உட்கார்ந்தாள். அப்போதுதான் வெஸ் போனில் கூப்பிட்டான். முதலில் அடிபட்ட முட்டிக்கால் எப்படி இருக்கிறது, பனி எவ்வளவு பெய்தது என்று பேசிக்கொண்டிருந்துவிட்டு விஷயத்துக்கு வந்தான். அயோவாவில் ஒரு கல்லூரி அவனைக் கேட்கிறது. போனதும் களத்தில் இடம் உறுதி. ஆனால் இன்று சாயந்திரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்கு. அவனுக்கு வரப்போவது கடைசி வருஷம். இருக்கிற இடத்திலேயே இருந்து, ரைமர் போய்விட்டார் என்றால், வருகிற புதுக் கோச் தன் பையன்களைக் கூட்டிக்கொண்டு வருவார். வெஸ் வருஷம் முழுக்கப் பெஞ்சைத் தேய்க்க வேண்டியதுதான்.

நேற்று ரைமர் அணியைக் கூட்டி, பத்திரிகைக்காரன் எதையாவது எழுதுவான், நான் இங்கேதான் இருப்பேன் என்று சொன்னாராம். பையன்கள் கை தட்டினார்களாம்.

"அம்மா, நீ இந்தத் தொழில்லயே கெடக்கற. எங்க கோச் எங்கயாவது போறதா ஒன் காதுல ஏதாவது விழுந்துச்சா?"

மார்லின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சானிடம் இரவல் வாங்கிய பழைய லாரியை ஓட்டிக்கொண்டு, விதைக் கம்பெனித் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, ரைமர் கிடங்கு வாசலில் வந்து இறங்கினார்.

சொன்னால் வெஸ் அறைத்தோழனிடம் சொல்வான். அவன் பத்துப் பேரிடம் சொல்வான். அவ்வளவுதான், எல்லாம் போய்விடும்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா," என்றாள் மார்லின். "ஒண்ணு பண்ணு, அவரையே கேட்டுடு. நீங்க யாரு கூப்பிட்டாலும் எடுப்பாருல்ல?"

சரிம்மா என்று அவன் வைத்துவிட்டான். பையன் நேருக்கு நேர் கேட்டால் ரைமர் ஜாடையாகவாவது சொல்லிவிடுவார் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டு படியேறினாள். தன்னால் முடியாததை ஊரான் செய்வான் என்று நம்புவதற்கு மனுஷ ஜென்மத்துக்குக் கற்றுக்கொடுக்கவா வேண்டும்!

ரைமர் அறைக்குள் வந்ததும் அறையே அவருடையது ஆகிவிட்டது. ஹோல்ட்குரூவின் சோளத்தைப் பற்றி விசாரித்தார். அரன்சனுக்குப் புரிகிற மாதிரி உப்பையும் மிளகுக் குப்பியையும் மேசையில் வைத்து ஆட்டத்தை விளக்கினார். அரன்சன் முதல் முறையாகத் தலையாட்டினார். எத்தனை ஜெயிப்பீர்கள் என்ற கேள்விக்கு, முதல் வருஷம் ஒன்பது, அடுத்த வருஷம் கோப்பை என்றார். ஹோல்ட்குரூவுக்கு முகமெல்லாம் பல்.

வந்தால் யாரைக் கூட்டி வருவீர்கள் என்று மார்லின் கேட்டாள். ரைமர் விரல் மடக்கி யோசிக்காமலே ஐந்து பெயர் சொன்னார். அதில் வெஸ் இல்லை.

"இவங்க பையன்?" என்று ஹோல்ட்குரூவே கேட்டுவிட்டார்.

ரைமர் மார்லினைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "மேடம், ஒங்ககிட்ட மறைக்கக் கூடாது. தங்கமான பையன். ஆனா அந்த முட்டிக்கால் இன்னொரு வருஷம் தாங்காது. நான் அங்கயே இருந்தாலும் அவன முன்னால நிறுத்த மாட்டேன்."

வலித்தது. ஆனாலும் உள்ளதை உள்ளபடி சொல்கிறாரே என்று மார்லின் உள்ளுக்குள் அவருக்கு ஒரு மதிப்பெண் போட்டாள். பையன்களோடு எப்படிப் பழகுவீர்கள் என்று அரன்சன் கேட்டபோது ரைமர், எந்தப் பையன் எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன், என் கல்யாண நாள் அன்றைக்கும் எடுத்திருக்கிறேன் என்றார். அவர் அதைச் சொல்லி முடித்துக் கறியில் கரண்டியை வைத்தபோது போன் அடித்தது.

ரைமர் திரையைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே மார்லின் பக்கம் திருப்பிக் காட்டினார். வெஸ்.

"எடுங்க, எடுங்க. பேசறத நாங்களும் கேக்கறோம்," என்றார் ஹோல்ட்குரூ. அவருக்கு இது ஆட்டம் பார்க்கிற மாதிரி. ரைமருக்கும் தன் சாமர்த்தியத்தைக் காட்ட ஒரு வாய்ப்பு. முட்டிக்கால் விஷயமாகக் கூப்பிடுகிறான் என்று நினைத்திருப்பார். போனை மேசை நடுவே வைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போட்டார். மார்லின் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மகனின் குரல் வந்துவிட்டது.

"கோச், ஒரு நிமிஷம் பேசலாமா? அயோவால எனக்கு ஒரு எடம் தர்றாங்க. சாயந்தரத்துக்குள்ள சொல்லணும். நீங்க இருப்பீங்கன்னா நான் போகல. நெஜமாவே இருப்பீங்களா?"

ரைமர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. அதுதான் மார்லினை உலுக்கியது. குரலில் அத்தனை பாசம்.

"நான் எங்கடா போகப் போறேன்? அடுத்த வருஷம் மொத்த வரிசையையும் ஒன்ன நம்பித்தான் போட்டு வெச்சிருக்கேன். நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

எதிர்முனையில் வெஸ் மூச்சு விட்டது அறை முழுக்கக் கேட்டது. "தேங்க்ஸ், கோச். எங்கம்மாவும் ஒண்ணும் கேள்விப்படலன்னுதான் சொன்னாங்க. அப்ப அயோவாவுக்கு வேணாம்னு சொல்லிடறேன்."

ஹோல்ட்குரூ ரைமரை மெச்சிப் பார்த்தார். இவன்தான் கோச் என்று அவர் கண் சொன்னது. அரன்சன் தட்டைப் பார்த்துக்கொண்டார். ரைமர் போனை அணைக்கக் கை நீட்டினார். மார்லின் அந்தக் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

"வெஸ், அம்மா பேசறேன்," என்றாள். "ஒங்க கோச் எனக்கு எதிர்லதான் ஒக்காந்திருக்காரு. எங்க வேலைக்குத்தான் வந்திருக்காரு. நீ அயோவாவுக்குச் சரின்னு சொல்லிடுப்பா."

கீழே சோளம் கொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு தொடர்பு அறுந்தது.

ரைமர் கோபப்படவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். அவர் தெற்கு டகோட்டாவுக்குப் போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. சீடர் பெண்ட் வேலைக்கு நான் போகவும் இல்லை, அவர்கள் கூப்பிடவும் இல்லை என்று அன்று மாலையே அறிக்கை விட்டார். கல்லூரியும் அப்படியே ஓர் அறிக்கை விட்டது. அதற்குக் கீழே மார்லின்தான் கையெழுத்துப் போட்டாள்.

ஹோல்ட்குரூ அவளிடம் நேரடியாகப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். பெத்த பாசம் இருக்கிறவளை இந்த நாற்காலியில் உட்கார வைத்தது நம் தப்பு என்று அரன்சனிடம் சொல்லி அனுப்பினார். கோடைக்குள் வேறு வேலை பார்த்துக்கொண்டால் நல்லது என்பதையும் அரன்சன் மென்று விழுங்கிச் சொன்னார். வேறு வழியில்லாமல் லமாரையே கோச் ஆக்கினார்கள். மார்லின் அதை அவரிடம் சொன்னபோது அவர் நன்றி சொல்லிவிட்டு, அஞ்சுதான் சொன்னேன், ஞாபகம் இருக்கட்டும் என்றார்.

வெஸ் அயோவாவுக்குச் சரி என்று சொல்லிவிட்டான். அதுவும் மார்லினுக்கு வேறு ஆள் மூலமாகத்தான் தெரிய வந்தது. இரண்டு நாள் அவள் போனை அவன் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தான். அவள் மன்னிப்புக் கேட்டாள். வேலை போனதைச் சொல்லவில்லை. எதிரில் இருந்துகொண்டு அந்த மனிதர் எத்தனை கூசாமல் பொய் சொன்னார் என்பதைச் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டாள். வெஸ் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் குரலில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது.

"கோச் சொன்னத விடும்மா. கோச்சுங்கன்னா அப்படித்தான், அது எனக்குத் தெரியாதா?" என்றான். "அதனாலதான் மொதல்ல ஒன்னக் கேட்டேன்."