மூன்று சீட்டுக்கு நான்கு பேர்

ஆர்டிஸ் லிண்ட்வால் சீட்டில் எழுதிய பெயர் அவளுக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும். கடவுள் வாய் திறக்கமாட்டார் என்ற தைரியத்தில்தான் எழுதினாள்.

மினசோட்டாவின் வடக்கே ஸ்டோர்விக் என்ற அந்த ஊரின் பள்ளி வாரியத்தில் ஏழு பேர். ஊர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள். மூன்று பள்ளிகளுக்கும் மேலே உட்கார ஒரு கண்காணிப்பாளரை அவர்கள் நியமிக்க வேண்டும். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் சிகாகோ பக்கத்திலிருந்து வந்த டாக்டர் வெய்ல். பளபளக்கும் காலணியோடு பனியில் இறங்கி வழுக்கி விழப் பார்த்தவர். இன்னொருத்தி கோரின் மோயன். இதே ஊரில் படித்து, இதே ஊரில் டீச்சராகி, தலைமையாசிரியை ஆனவள். பழைய கண்காணிப்பாளர் உடம்புக்கு முடியாமல் விலகியதும் ஒரு வருஷமாக அந்த வேலையையும் சேர்த்துச் செய்தவள் அவள்தான், அதுவும் தலைமையாசிரியை சம்பளத்துக்கே. பனிக்காலத்தில் பள்ளிக்கு விடுமுறை விடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க, விடியுமுன் பஸ் போகும் மண் ரோடுகளில் தானே காரை ஓட்டிப் பார்த்துவிட்டு வருவாள்.

அவள் ஆர்டிஸின் உயிர்த்தோழி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆர்டிஸும் அவள் கணவன் ஜெரால்டும் மாட்டுப் பண்ணையை மூடி மாடுகளை ஏலம் விட்ட அன்று, பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்து நாள் முழுக்க ஆர்டிஸின் பக்கத்தில் நின்றவள் கோரின். ஆறுதல் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. சும்மா நின்றாள். ஆர்டிஸ் அன்று அழாமல் இருந்ததே அதனால்தான்.

வாரியம் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது. பேசியது என்று சொல்வதே அதிகப்படி. யாரும் பெயர் சொல்லவில்லை. அந்த ஊரில் ஒருவர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வதைவிட உறைந்த ஏரியில் குதிப்பது சுலபம். காபி ஆறியது. கடைசியில் வாரியத் தலைவர் கர்ட் ஸ்கோக்லண்ட்தான் வழி கண்டுபிடித்தார்.

"சர்ச்சுல புதுப் போதகருக்கு எப்படி ஓட்டுப் போடுறோம்? சீட்டுல எழுதி மடிச்சுத் தட்டுல போடுறோம்ல. அப்படியே பண்ணிடுவோம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல."

ஏழு பேருக்கும் பெரிய நிம்மதி. எழுதினார்கள், மடித்தார்கள், பிஸ்கட் தீர்ந்த தட்டில் போட்டார்கள். வெய்லுக்கு நான்கு, கோரினுக்கு மூன்று. சீட்டெல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. பிறகு கதவைத் திறந்து ஊர் முன்னால் வந்து உட்கார்ந்து, ஏழு பேரும் வெய்லுக்கு ஒருமனதாகக் கை தூக்கினார்கள். வருகிறவருக்கு மனம் நோகக்கூடாதே என்ற மரியாதை. பொது வேலையில் ரகசியச் சீட்டு ஓட்டு சட்டத்துக்கு விரோதம் என்பது சர்ச்சுக்குப் போய்ப் போய்ப் பழகிய அந்த ஏழு தலைகளில் ஒன்றுக்கும் தோன்றவில்லை.

சீட்டுக் கணக்கும் சம்பளமும் வெளியே தெரிந்ததும் ஊர் கொதித்தது. விளம்பரத்தில் போட்டது ஒரு லட்சத்து எண்பதாயிரம் டாலர். வெய்ல் அதற்கு மேல் இருபதாயிரமும், குடி வருகிற செலவும் கேட்டு வாங்கியிருந்தார். "நம்ம பொண்ணு பாதிச் சம்பளத்துக்கு உழைச்சா, அவளை விட்டுட்டு இந்த ஆளுக்குக் கொட்டிக் கொடுக்குறீங்களா?" என்று தபால் ஆபீசிலிருந்து முடிவெட்டும் கடைவரை ஒரே பேச்சு. ஆர்டிஸ் வேலை பார்த்த கிளினிக்கில், ரத்த அழுத்தம் பார்க்க வந்தவர்கள்கூட அவள் மேஜை முன்னால் நின்று இதைத்தான் கேட்டார்கள்.

ஆர்டிஸ் ஏன் வெய்ல் பெயரை எழுதினாள்? அவர் கெட்டிக்காரர் என்றா? இல்லை. நேர்முகத்தின்போது கோரினிடம் சம்பளம் பற்றிக் கேட்டார்கள். "விளம்பரத்துல போட்டது எதுவோ அதுவே போதும்" என்றாள் கோரின், கண்ணைத் தாழ்த்தாமல். அந்த நிமிஷம் ஆர்டிஸின் வயிற்றில் ஏதோ எரிந்தது. பள்ளியில் தன்னோடு ஒரே அலமாரியில் புத்தகம் வைத்துப் படித்தவள். அவளுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரமா? கொஞ்சம் குறைத்துக் கேட்டிருக்கலாமே, நம்ம ஊர்க்காரிதானே என்று தோன்றியது. வெய்ல் கூடுதலாகக் கேட்டபோது அவளுக்கு ஒன்றும் எரியவில்லை. வெளியூர்க்காரர்கள் அப்படித்தான் கேட்பார்கள். இதை அவள் அப்போது இவ்வளவு தெளிவாக நினைக்கவில்லை. கை எழுதிவிட்டது. நினைப்பு பிறகு வந்து, வந்த பிறகு போகவே இல்லை.

அடுத்த புதன்கிழமை சர்ச்சின் கீழ்த்தளத்தில் சூப் விருந்து. கோரின் வந்திருந்தாள், எப்போதும்போல் எல்லாரிடமும் சிரித்துப் பேசினாள். ஆர்டிஸிடம் எதையும் கேட்கவில்லை. கேட்காமலே ஆர்டிஸ் சொன்னாள்.

"நான் உன் பேரைத்தான்டி எழுதினேன்."

"அதை நீ சொல்லணுமா?" என்று கோரின் அவள் கையைத் தட்டினாள்.

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. சூப் மட்டும் இறங்கவில்லை.

பத்து நாள் கழித்துக் கோரின் ஆர்டிஸின் வீட்டுக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு எத்தனை சீட்டு விழுந்துச்சு?"

"மூணு. ஊருக்கே தெரியுமே."

"உனக்குத்தான் போட்டேன்னு உங்க ஏழு பேர்ல எத்தனை பேர் எங்கிட்ட சொன்னாங்க தெரியுமா? நாலு பேர்." கோரின் விரலை மடக்கினாள். "நீ, பெட்டி, லோயல், டெல்மர். கர்ட்டும் மத்த ரெண்டு பேரும் வெய்லுக்குப் போட்டோம்னு நேராவே சொல்லிட்டாங்க, அவங்க மேல எனக்குக் கோவமே இல்ல. ஆனா இந்த நாலுல ஒண்ணு புளுகு."

ஆர்டிஸ் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

"உன்னைக் கழிச்சிடுறேன். மிச்சம் மூணு பேரு. பெட்டிக்குப் பொய் சொல்ல வராது, மூஞ்சி செவந்துடும். லோயல் வெளியூர்க்காரனுக்கு அஞ்சு காசு கொடுக்கமாட்டான். அப்ப யாரு? டெல்மர்தான். அவர் பேரனை நான் ஐஸ் ஹாக்கி டீம்லேருந்து நிறுத்தி வச்சேனே, பரீட்சையில காப்பி அடிச்சதுக்கு. அதை மனசுல வச்சிருந்திருக்கார். நீ என்ன சொல்றே?"

இப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். ஆர்டிஸ் துணியைப் பிழிந்தாள், விரித்தாள், மறுபடி பிழிந்தாள்.

"இருக்கலாம்" என்றாள்.

அந்த ஒரு 'இருக்கலாம்' போதுமாயிருந்தது. 'ஆர்டிஸும் அப்படித்தான் நினைக்கிறா' என்று அது கோரின் வீட்டிலிருந்து காபிக் கடைக்கும், அங்கிருந்து ஊர் முழுக்கவும் போயிற்று. டெல்மர் ஹாகன் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த கிழவர். முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது அந்த ஊர் வழக்கமே இல்லை. எல்லாரும் சிரித்துக் கையசைத்துவிட்டு, ஆணி வாங்க ஒரு மணி நேரம் காரோட்டி பெமிட்ஜிக்குப் போனார்கள். சர்ச்சில் அவர் உட்காரும் பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடந்தது.

குழாய் ஒழுகுகிறது என்ற சாக்கில் ஆர்டிஸ் ஒரு நாள் அந்தக் கடைக்குப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. போனாலும் நிற்க முடியவில்லை. கடையில் வேறு ஆளே இல்லை.

"வா வா, வழி தெரியாம வந்துட்டியா?" என்றார் டெல்மர். வாஷரைத் தேடிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் பேசினார். "நான் அவ பேரைத்தான் எழுதினேன், ஆர்டிஸ். எம் பேரன் காப்பி அடிச்சான், அவ நிறுத்தினா. நல்லதுதான் பண்ணா. அப்பவே நான் அவளுக்கு நன்றி சொல்லியிருக்கணும், சொல்லல. அது ஒண்ணுதான் என் தப்பு. நீயாவது நம்புறியா?"

"நம்புறேன், டெல்மர்."

"அப்ப அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். உன் பேச்சைத்தான் அவ கேப்பா."

"சொல்றேன்."

வாஷருக்கு அவர் காசு வாங்கவில்லை. ஆர்டிஸ் காருக்குள் போய் உட்கார்ந்து, சாவியைத் திருப்பாமல் அப்படியே இருந்தாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அன்று சாயங்காலம் கோரினுக்குப் போன் செய்தாள். வானிலை பற்றியும் கோரின் அக்காவின் முழங்கால் ஆபரேஷன் பற்றியும் பேசினார்கள். டெல்மர் பேச்சு வரவில்லை. ஆர்டிஸ்தான் வரவிடவில்லை.

அதற்குள் சீட்டு ஓட்டு விஷயம் மாவட்டப் பத்திரிகைக்கு எட்டிவிட்டது. வாரியத்தின் வக்கீல் வந்து தலையிலடித்துக்கொண்டார். "இது போதகர் தேர்தலா? பழைய ஓட்டு செல்லாது. எல்லார் முன்னாலயும், ஒவ்வொருத்தரா வாயைத் திறந்து பேரைச் சொல்லணும்."

ஊருக்கே பயமாக இருந்த செய்தி ஆர்டிஸுக்கு மட்டும் சர்க்கரையாக இனித்தது. இந்த முறை கோரின் பெயரைச் சொல்லிவிடலாம். பெட்டி, லோயல், டெல்மர், தான். நான்கு பேர். கோரின் ஜெயிப்பாள், டெல்மர் சுத்தமானவர் என்று தானே தெரிந்துவிடும். தான் வாய் திறந்து எதையும் ஒப்புக்கொள்ளவே வேண்டாம். முதல் தடவை பொய் சொன்ன நான்காவது ஆள் யார் என்று, ஜெயித்த பிறகு யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு மாதத்தில் முதல் முறையாக அன்று நன்றாகத் தூங்கினாள்.

ஏப்ரல் மாதம், ஏரியில் பனிக்கட்டி உடையத் தொடங்கியிருந்தது. கூட்டம் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில். கோரினை ஆர்டிஸ்தான் தன் காரில் கூட்டிக்கொண்டு போனாள். படி வரிசை முழுக்க ஜனம். பேச வந்தவர்களுக்கு மைக் முன்னால் ஆளுக்கு மூன்று நிமிஷம். முக்கால்வாசிப் பேர் சம்பளத்தைத் திட்டினார்கள். பேசிவிட்டுப் போகும்போது டெல்மர் பக்கம் ஒரு பார்வை. ஒருத்தி மட்டும் மைக்கிலேயே, "பின்னால ஒண்ணு முன்னால ஒண்ணு பேசுறவங்களுக்கு இன்னைக்காவது வாய் நேரா வரட்டும்" என்றாள். கைதட்டல் எழுந்தது. டெல்மர் மேஜையின் கடைசி நாற்காலியில் தன் கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கர்ட் இடது கோடியிலிருந்து கேட்க ஆரம்பித்தார்.

"மோயன்" என்றாள் பெட்டி.

"மோயன்" என்றாள் ஆர்டிஸ். சத்தமாகவே சொன்னாள். சொன்னதும் நெஞ்சில் கிடந்த கல் உருண்டு விழுந்ததுபோல் இருந்தது.

அடுத்த இருவரும் வெய்ல் என்றார்கள். லோயல், மோயன். கர்ட், வெய்ல். மூன்றுக்கு மூன்று. எல்லாரும் டெல்மரைப் பார்த்தார்கள்.

டெல்மர் மைக்கைப் பக்கத்தில் இழுத்தார். "போன தடவை நான் எழுதினது கோரின் பேரு. அதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு. இந்த ஊர்ல ஒருத்தர்கூட நம்பல. பொய்யன்னு முடிவு கட்டிட்டீங்க. இன்னைக்கு அவ பேரைச் சொன்னா, ஊருக்குப் பயந்து மாத்திட்டான்னு சொல்வீங்க. அந்தப் பேரோட நான் சாகமாட்டேன்." கர்ட் பக்கம் திரும்பினார். "வெய்ல்."

கூடமே இரைந்தது. ஆர்டிஸின் காதில் எதுவும் விழவில்லை.

கார் நிற்குமிடத்துக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கோரின் அழவில்லை. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாத்தியா, நான் சொன்னேன்ல, டெல்மர்தான்னு. போகட்டும் விடு." ஆர்டிஸின் தோளில் கை வைத்தாள். "நீ இருந்தியே. எனக்கு அது போதும்டி."

இந்தக் கையை இப்படியே தோளில் இருக்கவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் நான்கு கார் தள்ளி டெல்மர் தன் பழைய டிரக்கில் ஏறி, கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"கோரின், அவர் உன் பேரைத்தான் எழுதினார்."

"இன்னுமா அதை நம்புறே நீ?"

"நம்புறதுக்கு அதுல என்ன இருக்கு. வெய்லுக்குப் போட்ட நாலாவது சீட்டு என்னோடது."

தோளிலிருந்த கை தானாக இறங்கியது.

"ஏன்?"

"விளம்பரத்துல போட்ட சம்பளத்தை நீ அப்படியே கேட்டே. எனக்குப் பொறுக்கல."

"அந்த ஆளு அதுக்கு மேல கேட்டான்."

"தெரியும். அவன் எனக்கு யாரோதானே."

கோரின் மெதுவாகத் தலையாட்டினாள். கணக்குப் போட்டு விடை வந்தவள் மாதிரி இருந்தது அவள் முகம்.

"அப்ப நான் உனக்கு யாரோவா இருந்திருந்தா இந்த வேலை எனக்குக் கிடைச்சிருக்கும்."

ஆர்டிஸ் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். கோரின் காரின் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். நடந்து போய் டெல்மரின் டிரக் கண்ணாடியைத் தட்டினாள். அவர் உடனே இறக்கவில்லை. பிறகு இறக்கினார். கோரின் ஏதோ சொன்னாள், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தரம் தலையைத் திருப்பி ஆர்டிஸ் நின்ற பக்கம் பார்த்தார். அப்புறம் பக்கத்து இருக்கையில் கிடந்த சாமான்களைப் பின்னால் தூக்கிப் போட்டு இடம் செய்தார். கோரின் சுற்றிப் போய் ஏறிக்கொண்டாள்.

டிரக் ஆர்டிஸைக் கடந்துதான் வெளியே போக வேண்டும். கடக்கும்போது டெல்மர், எதிரே யார் வந்தாலும் அந்த ஊர்க்காரர்கள் செய்வதுபோல, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி அவளுக்கு வணக்கம் சொன்னார். கோரின் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.