வெயில் நாளிலும் பனி

பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கிற தோட்டத்தில் வேன் ஓட்டும் கணேசமூர்த்திக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. தோட்டமே அப்படித்தான் சொல்லும், அவனும் மறுத்ததில்லை. மற்ற டிரைவர்மார் மூச்சைப் பிடித்துக்கொண்டு உருட்டுகிற வளைவுகளில் இவன் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைச் சுழற்றி, மறுகையால் வெற்றிலை மடித்துக்கொண்டு போவான்.

தூரத்தில் எதுவும் தெளிவாகத் தெரியாததை அவன் குறையாகவே எண்ணவில்லை. பனி என்று நினைத்தான். மலைநாட்டில் பனிக்கா பஞ்சம்? சில வருடங்களாக வெயில் நாளிலும் இறங்கித் தொலைக்கிறதே என்று காலநிலையைத்தான் திட்டினான். "காட்ட வெட்டிப்புட்டானுங்க. அதான் பனி கண்டபடி அலையுது" என்று விளக்கம் வேறு.

லைசன்ஸ் புதுப்பிக்க மெடிக்கல் சர்டிபிகேட் எடுக்கவென்று நுவரெலியாவுக்குப் போன இடத்தில்தான் வசமாக மாட்டினான். சுவரில் தொங்கிய எழுத்து அட்டையை வாசிக்கச் சொன்னார் யாழ்ப்பாணத்து டொக்டரம்மா. முதல் வரிக்குக் கீழே அவனால் இறங்க முடியவில்லை.

"ரூமுக்குள்ளயும் பனி வந்திருச்சுங்களே. ஜன்னல சாத்திட்டு வாசிக்கவா?"

டொக்டரம்மா சிரிக்கவில்லை. "பனி உங்கட கண்ணிலதான் ஐயா. கண்ணாடி போட்டுக்கொண்டு வாங்கோ. பிறகு கையெழுத்து வைக்கிறன்."

வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கண்ணாடி போட்ட டிரைவரை நம்பி யார் ஏறுவார்கள்? வேன் நின்றால் அடுப்பும் நின்றுவிடும். "லைசன்ஸ் இல்லாட்டி மட்டும் ஏறுவாங்களாக்கும்" என்றாள் மனைவி பூரணி.

ஹட்டனில் கண்ணாடி வாங்கி, பூரணியையும் கூட்டிக்கொண்டு மறுபடி நுவரெலியா போனான். அட்டைக்கு முன்னால்தான் கண்ணாடியை எடுத்து மாட்டி, கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்தான். மெடிக்கலும் கிடைத்தது, லைசன்ஸும் புதுப்பித்தாயிற்று. திரும்பும்போது பூண்டுலோயா டவுனில் வழக்கமான ஆட்களை ஏற்றிக்கொண்டான். முன் சீட்டில் பூரணி. பின்னால் ஃபெக்டரியில் வேலை செய்யும் மாயாண்டியும், சாமான் பைகளோடு நாலைந்து பெண்களும்.

எல்லாரும் ஏறிய பிறகுதான் கண்ணாடியை மறுபடி மாட்டினான். நல்ல வெயில். மலையில் ஒவ்வொரு தேயிலைச் செடியும் தனித்தனியாகத் தெரிந்தது. முதல் வளைவு வரைக்கும் அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அங்கே கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. அடுத்த வளைவில் இரண்டு கையும் ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டன. மடித்த வெற்றிலை மடியிலேயே கிடந்தது.

"என்னா மூர்த்தி, லைசன்ஸ் குடுத்தாங்களா, புடுங்கிட்டாங்களா?" என்றான் மாயாண்டி. "நடந்தே போயிருக்கலாம் போலருக்கே."

கோயில் வளைவில் வேன் நின்றேவிட்டது. கணேசமூர்த்தி இறங்கிப் போய் ஓரத்தில் எட்டிப் பார்த்தான். ரோட்டை ஒட்டி ஒரு முழம் புல். அதற்கப்பால் ஒன்றுமே இல்லை. வெகு கீழே, கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவின் தகரக் கூரை. வாசலில் பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அது அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாததல்ல. அவன் மகளே அங்கே வளர்ந்தவள்தான். ரோட்டுக்கு நேர் கீழே இருக்கிறது என்பதுதான் இன்றைக்குத் தெரிந்தது. இந்தப் பிள்ளைகளின் தலைக்கு மேலேதான் இத்தனை காலமும் வெற்றிலை மடித்திருக்கிறான்.

திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இது எப்ப இருந்து இப்பிடி இருக்கு?"

"எப்பவுமே இப்பிடித்தாங்க இருக்கு" என்றாள் பூரணி. "நான் இந்த எடம் வந்தாலே கண்ண இறுக்கி மூடிக்கிருவேன்."

"நானுந்தான்" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி.

மாயாண்டி தொண்டையைச் செருமினான். "நாங்க எல்லாருமே அப்பிடித்தான் மூர்த்தி. நீ ஒருத்தன் பாத்து ஓட்டுறேங்குற தைரியந்தான்."

கணேசமூர்த்தி ஏறி உட்கார்ந்து, வேனை முதல் கியரில் போட்டான்.