வேர்க்காத இடம்

சலவைக்கூடத்தில் கறை எடுக்கும் அவளுக்குச் சரவெடி என்று பெயர். பற்றவைத்தால் முடியும்வரை நிற்காது. அன்று காலை அவளைப் பற்றவைத்தது தங்கையின் கை.

தங்கை இஸ்திரி மேசையில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நீராவிச் சூட்டில் எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டியது. தங்கையின் முன்கையும் எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. அதில் வெளுத்திருந்த ஓர் இடம் மட்டும் உலர்ந்து கிடந்தது. ஒரு முடிகூட இல்லை. அதன் ஓரத்தில் புதிதாக ஒரு கொப்புளம்.

"எப்போடி சுட்டுக்கிட்டே?"

"எங்கே?" தங்கை கையைத் திருப்பிப் பார்த்தாள். "அட, ஆமா!"

 முள் குத்தினாலே ஊரைக் கூட்டுகிறவள் தங்கை. போட்டது போட்டபடி கிடக்க, சரவெடி அவளை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். பயம்கூட அவளுக்குக் கோபமாகத்தான் வரும்.

டாக்டரின் அறையில் ஓர் அகல மேசை. ஒரு வருஷமாக அந்த வெளுப்பைக் காட்ட வருகிறார்கள்; ஒரு முறைகூட அவர் மேசையைத் தாண்டி வந்ததில்லை. இன்றும் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"படைதான். களிம்பை மாத்தித் தரேன்."

சரவெடி பையைக் கவிழ்த்தாள். காலி டியூப்கள் மேசையில் உருண்டன.

"இன்னொண்ணா? படைன்னா அரிக்கணுமில்லே? இவ ஒரு நாள் சொறிஞ்சதில்லே. சூடு பட்டுக் கொப்பளிச்சிருக்கு, இவளுக்கே தெரியலே. உடம்பெல்லாம் வேர்க்குது, இந்த இடம் வேர்க்கலே!"

"நீங்க டாக்டரா?"

"நான் கறை எடுக்கிறவ. ஒரு கறையைத் தூர நின்னு பார்த்துப் பேர் வைக்க மாட்டோம். தொட்டுப் பார்ப்போம், மோந்து பார்ப்போம். அழுக்குத் துணிக்குக் கிடைக்கிற மரியாதை என் தங்கச்சிக்குக் கிடையாதா? இப்போ சுண்டுவிரல் வேற நீட்ட வரலே. இந்தக் கையை வெச்சுத்தானே சார் அவ பொழைக்கணும்!"

வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று கதவை இன்னும் அகலமாகத் திறந்து விட்டாள்.

டாக்டரின் பேனா நின்றுவிட்டது. "சுண்டுவிரலா?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "தொழுநோயா இருக்கலாம். மாத்திரையில குணமாயிடும். ஆனா நரம்பு கெட்டிருந்தா, விரல் பழையபடி வருமான்னு சொல்ல முடியாது. கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா..."

"வந்தோம்யா!" சரவெடி மேசையில் ஓங்கி அறைந்தாள். "ஒரு வருஷமா இந்த நாற்காலியிலதான் வந்து உட்கார்ந்தோம்!"

அவர் பேனாவை மூடி வைத்தார். எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, தங்கையின் பக்கத்தில் குனிந்தார்.

"கண்ணை மூடிக்கம்மா. பஞ்சு படும்போது 'ம்' சொல்லு."

தோளில் பட்டது. "ம்." முழங்கைக்கு மேலே பட்டது. "ம்."

வெளுத்த இடத்தின்மேல் பஞ்சு ஒரு முறை போனது. மறுபடியும் போனது. மூன்றாம் முறை அழுத்தியே தேய்த்தார். சரவெடி பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பஞ்சையே பார்த்தாள். 

தங்கை கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"அக்கா, இன்னுமா அவரு தொடலே?"