சிவப்புச் சட்டைக்காரியின் வேண்டுதல்

பெஞ்சின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த மார்லிஸ் ஹோரச்செக்குக்கு ஒரே பயம்தான்: கோச் திரும்பித் தன்னைப் பார்த்துவிடக் கூடாது. எந்த அணியிலும் பெஞ்சில் இருப்பவர்கள் எப்போது கூப்பிடுவார்கள் என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பார்கள். இவளோ தண்ணீர்ப் பாட்டில்களுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தாள். ஆறடிப் பெண் எங்கே போய் ஒளிவது!

காரணம் இருந்தது. இந்த வருஷம் அவள் சிவப்புச் சட்டை. சட்டை என்னவோ எல்லாரையும் போலப் பச்சைதான். பெயர் மட்டும் அப்படி. கல்லூரிக் கூடைப்பந்தில் ஒருத்திக்கு நான்கு வருஷம்தான் ஆட்டம். முதல் வருஷம் ஒரு ஆட்டத்திலும் இறங்காமல், பயிற்சி மட்டும் செய்து உடம்பைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த நான்கும் அப்படியே மிச்சம். இறங்கிவிட்டாலோ, ஒரு நொடி ஆடினாலும் சீசன் முழுக்க ஆடினாலும் ஒன்றுதான், நாலில் ஒன்று போயே போச்சு. நவம்பரிலிருந்து மார்ச் வரை சீருடை போட்டுக்கொண்டு, பஸ்ஸில் கூடவே போய், ஒரு தடவைகூடக் களத்தின் கோட்டைத் தாண்டாமல் காப்பாற்றி வந்திருந்தாள். இன்று நடப்பது தோற்றால் வெளியே போகும் போட்டி. ஆட்டம் முடிய இன்னும் ஒரு நிமிஷம்கூட இல்லை. அணி இரண்டு புள்ளி பின்னால் இருந்தது.

இதில் போய் என்ன பயம் என்று கேட்பவர்கள் அவள் அண்ணன் டெல்மரைப் பார்த்ததில்லை. அவனும் ஒரு காலத்தில் சிவப்புச் சட்டைதான். எப்போதோ ஜெயித்து முடித்துவிட்ட ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில், சும்மா வேடிக்கைக்கு அவனை இறக்கிவிட்டார் அவன் கோச். கூட்டம் கைதட்டியது, அவனும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே ஓடினான், பாவி. அப்புறம் நாலாவது வருஷம் முழங்கால் போனது, குணமாகி வந்தபோது புது கோச் வந்திருந்தார். "உனக்குத்தான் ஆடுறதுக்கு வருஷமே மிச்சம் இல்லையேப்பா" என்று கதவைக் காட்டினார். இப்போது நெப்ராஸ்காவில் அவர்கள் ஊர் தானியக் கிடங்கில் தலை முதல் கால் வரை தூசியோடு நிற்கிறான். டிவியில் ஆட்டம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவான். தங்கை கல்லூரிக்குக் கிளம்பியபோது அவன் சொன்னது ஒன்றே ஒன்று: "கூப்பிட்டாலும் போகாதே."

அவளைத் தேடி எந்தக் கல்லூரியும் வரவில்லை. உதவி கோச் ஓரின் பீல்கூட வந்தது அவளுக்காக இல்லை, எதிரணியில் இருந்த ஒரு புள்ளி மெஷினைப் பார்க்க. யாரைப் பார்க்க வந்தாரோ அவளை விட்டுவிட்டு, தன் பள்ளி அணி முப்பது புள்ளி பின்னால் கிடந்தும் விழுந்தடித்து ஓடிய இந்த ஒல்லிக்குச்சியைத் தேர்ந்தெடுத்தார். ஏன் என்று அப்போதே கேட்டாள். "கையில பந்து இருக்கும்போது எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க. பந்து இல்லாதப்போ நீ என்ன பண்றேன்னு பார்த்தேன்" என்றார். ஒரு வருஷம் உட்கார், அப்புறம் நான்கு வருஷமும் உனக்கு என்று வாக்கும் கொடுத்தார். அந்த வாக்கு ஒன்றுதான் அவளுக்கு ஆஸ்தி.

இப்போது அதற்குத்தான் ஆபத்து. வயிற்றுப்போக்கு வந்து இரண்டு பேர் ஹோட்டல் அறையிலேயே சுருண்டு கிடந்தார்கள். மூன்று பேர் ஆளுக்கு ஐந்து ஃபவுல் செய்து, இனி ஆடக் கூடாது என்று வெளியே வந்துவிட்டார்கள். ஒவ்வொருத்தி வெளியே வரும்போதும் மார்லிஸ் மிச்சம் இருப்பவர்களை எண்ணிப் பார்த்தாள். களத்தில் ஐந்து பேர், பெஞ்சில் ஆட மிச்சம் இவள் ஒருத்தி.

சொல்லிவைத்தாற்போல் கெண்ட்ரா வாஸ்கெஸ் விழுந்தாள். கெண்ட்ரா அணித் தலைவி, கடைசி வருஷக்காரி. கணுக்கால் மடங்கி விழுந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நொண்டி நொண்டி ஓடினாள். தலைமை கோச் ஸ்டாக்கல் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார்.

"மார்லிஸ்! மேல்சட்டையைக் கழட்டு. கெண்ட்ராவுக்குப் பதிலா நீ."

ஓரின் எழுந்து குறுக்கே வந்தார். "கோச், வேண்டாம் கோச். இந்தப் பொண்ணுக்கு வாக்குக் கொடுத்திருக்கோம்."

"வாக்காம் வாக்கு! இன்னிக்கித் தோத்தா நாளைக்கி எனக்கும் வேலை இல்லை, உனக்கும் வேலை இல்லை. அப்புறம் உன் வாக்கை யாருய்யா காப்பாத்துறது? உட்காரு."

"சில நொடிக்கு அவ ஒரு வருஷத்தையே வாங்குறீங்க."

"நொண்டிக் காலோட ஒருத்தியை வெச்சு நான் எப்படி ஆடுறது? நீ வந்து ஆடுறியா? மார்லிஸ், எழுந்திரு!"

முடியாது என்று சொல்லலாம். யாரும் கையைப் பிடித்து இழுத்துக் களத்தில் தள்ளப் போவதில்லை. அந்த ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தது. ஆனால் கோச் கூப்பிட்டு எழுந்திருக்காத பெண்ணை அப்புறம் யார் எடுப்பார்கள்? கால்கள் தானாக எழுந்து நடந்தன. ஸ்கோர் மேசைக்கு முன்னால் போய் ஒரு முழங்காலை ஊன்றிக் காத்திருந்தாள். எதிரணி ரசிகன் ஒருவன், "ஏய் கொக்கு, கால் நடுங்குது பாரு! டயப்பர் போட்டுட்டு வந்தியா?" என்று கத்தினான். பக்கத்தில் இருந்தவர்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள்.

மாற்று ஆட்டக்காரி நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. ஆட்டம் நிற்க வேண்டும், நடுவர் கையசைக்க வேண்டும். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. விசில் அடிக்காதே, விசில் அடிக்காதே என்று நடுவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெண்ட்ரா அந்தக் காலோடு பந்தைத் தட்டிக்கொண்டு கூடைக்குக் கீழே பாய்ந்தாள். இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். விசில் அடித்தது.

ஃபவுல். மூன்று விநாடி பாக்கி. கெண்ட்ராவுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ: யாரும் தடுக்காமல் எறியலாம், விழுந்தால் ஒன்றுக்கு ஒரு புள்ளி.

ஃபவுல் வாங்கியவள் தன் இரண்டு எறிதலையும் தானே எறிந்து முடிக்க வேண்டும், அதுவரை அவளை மாற்ற முடியாது. நடுவர் மார்லிஸைப் பார்த்து, "இரும்மா, கடைசி பந்து விழுந்ததும் வா" என்றார்.

மார்லிஸுக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. இரண்டும் விழுந்தால் ஆட்டம் சமன், பந்து நிற்கும், இவள் உள்ளே போயாக வேண்டும். இரண்டாவது விழாமல் போனால் பந்து வளையத்தில் பட்டு உயிரோடுதான் இருக்கும், ஆட்டம் நிற்காது, யாரும் மாற முடியாது. யாராவது அதைப் பிடிப்பதற்குள் மூன்று விநாடி தீர்ந்துவிடும். தோல்வி, சீசன் முடிவு. அவளுடைய வருஷம் பத்திரம்.

முதல் பந்தை எறிந்தாள் கெண்ட்ரா. வலையைத் தவிர வேறு எதையும் தொடாமல் விழுந்தது. அரங்கம் அதிர்ந்தது. "அவ்வளவுதான்டி, இன்னும் ஒண்ணு!" என்று பெஞ்சிலிருந்து தோழிகள் கத்தினார்கள். ஸ்டாக்கல் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஓரின் மட்டும் களத்தைப் பார்க்கவில்லை, மார்லிஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கெண்ட்ரா இவளுக்கு யார்? செப்டம்பரில் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கியவளுக்கு, "என்னடி ஒல்லிக்குச்சி, உங்க ஊர்ல சோறே போடலியா?" என்று கேட்டுத் தன் தட்டிலிருந்த கோழியைத் தூக்கி வைத்தவள். பயிற்சியில் முட்டி மோதி அழவைத்துவிட்டு, பிறகு அறைக்கு வந்து ஐஸ் பை கொடுத்தவள். நாலு வருஷமும் ஆடித் தீர்த்து, மிச்சம் ஒன்றும் இல்லாமல், இந்த ஒரு பந்தை நம்பி நிற்பவள்.

மார்லிஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கடவுளே, விழக் கூடாது. விழவே கூடாது. தவறட்டும், தவறட்டும். உதடுகள் அசைந்தன. அண்ணனின் தூசி படிந்த முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. பந்து கையில் இல்லாதபோது இந்தப் பெண் என்ன செய்வாள் என்று பார்த்துத்தானே எடுத்தார்கள்? இதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அது தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அவ்வளவு பயம்.

வளையத்தில் பந்து மோதும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது பந்து வளையத்தின் மேலேயே ஒரு தரம் குதித்து, இன்னொரு தரம் குதித்து, வெளிப்பக்கம் சரிந்தது. எதிரணிக்காரி ஒருத்தி எகிறிப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். ஆட்டம் முடிந்த ஹாரன் ஒலித்தது.

மார்லிஸ் முழங்காலிலேயே இருந்தாள். கோடு அவள் காலுக்கு அரை அடி முன்னால் இருந்தது. எழுந்திருக்கலாம் என்று தோன்றக்கூட இல்லை. ஓரின் வந்து தோளைத் தொட்டு, "எழுந்திரும்மா. உனக்கு ஒண்ணும் ஆகலை" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

உடை மாற்றும் அறையில் எல்லாரும் ஷூவைக் கழற்றிப் பைக்குள் திணித்தார்கள். ஸ்டாக்கல் வாசல் வரை வந்தார், எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார். மார்லிஸ் கடைசி ஆளாக பஸ்ஸில் ஏறினாள். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. நேராகப் பின்னால் போய்த் தனியாக உட்கார்ந்துகொள்ளலாம் என்று தலையைக் குனிந்தபடி நடந்தவளின் சட்டையைப் பிடித்து இழுத்தது ஒரு கை.

"எங்கடி போறே? இங்க உட்காரு."

கெண்ட்ரா. வீங்கிய காலை எதிர் இருக்கையில் நீட்டி ஐஸ் வைத்திருந்தாள். கண்கள் அழுது சிவந்திருந்தன. மார்லிஸ் இருக்கை நுனியில் உட்கார்ந்தாள். கெண்ட்ராவுக்குத் தெரிந்துவிட்டது, கேட்கப் போகிறாள் என்று நினைத்தாள்.

"உன் வருஷம் தப்பிச்சுதா?" என்று கேட்டாள் கெண்ட்ரா.

"ம்."

"நல்லதாப் போச்சு. எங்கிட்ட ஒண்ணும் மிச்சம் இல்லை, உனக்காவது நாலும் இருக்கட்டும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஒண்ணு சொல்லணும்னு நினைச்சேன். ரெண்டாவது பந்துக்கு எனக்குக் கையெல்லாம் மரத்துப்போச்சுடி. கால் வலி வேற. சும்மா இந்தப் பக்கம் திரும்புனேன். பார்த்தா நீ மண்டி போட்டு, கண்ணை மூடி, உதட்டை அசைச்சுக்கிட்டு இருக்கே. உன் வருஷமே போகப்போகுது, அப்பவும் எனக்காக வேண்டிக்கிட்டியே! எங்கம்மாகூட அப்படி வேண்டியிருக்க மாட்டா. அதைப் பார்த்துதான் எறியவே தெம்பு வந்துச்சு."

கெண்ட்ராவின் காலிலிருந்து நழுவிய ஐஸ் பையை எடுத்துச் சரியாக வைத்தாள் மார்லிஸ்.

"பலிக்கலை, போகட்டும் விடு. அதுக்கு நீ என்ன பண்ணுவே?" கெண்ட்ரா அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பொத்திக்கொண்டாள். உடனே முகம் சுளித்து அவளைப் பார்த்தாள்.

"ஏன்டி இப்படி நடுங்குது உன் கை? சீசன்தான் முடிஞ்சுபோச்சே. இனிமே உனக்கென்ன பயம்?"